21ஆவது கேள்விக்கு யார் பதில் சொல்வது?

பருவத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது துறையின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் இணைப்பு வருகிறது. கருத்துப் படிவத்தை அனைவரும் இன்று மாலைக்குள் நிரப்ப வேண்டும் என்பது செய்தி. நிரப்பாதவர்க்குத் தேர்வு நுழைவுச்சீட்டு கிடைக்காது என்ற குறிப்பும் சில இடங்களில் உடன் வருகிறது. நூலக வாசலில் நின்றபடியே மாணவர்கள் இரண்டு நிமிடங்களில் நிரப்பி முடிக்கின்றனர். எல்லாக் கேள்விகளுக்கும் முதல் விடையே தேர்ந்தெடுக்கப்படுகிறது. பாடம் முழுமையாக நடத்தப்பட்டது. ஆசிரியர் எப்போதும் ஆயத்தமாக வருகிறார். மதிப்பீடு எப்போதும் நேர்மையாக நடக்கிறது. இறுதியில் சொந்தச் சொற்களில் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு புள்ளியோ, ‘நன்று’ என்ற ஒற்றைச் சொல்லோ இடப்படுகிறது. அன்றிரவு விடுதி உணவுக்கூடத்தில் அதே மாணவர்கள் அதே துறையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகின்றனர். அங்குப் பேசப்பட்டவற்றுள் ஒன்றுகூடப் படிவத்தில் இல்லை.

உணவுக்கூடத்துப் பேச்சுக்கும் படிவத்து விடைக்கும் இடையிலான இந்தத் தொலைவைப் பலரும் மாணவரின் அலட்சியம் என்று விளக்குகின்றனர். அந்த விளக்கம் போதாது. மாணவர் கருத்து கேட்கப்படுவதில்லை என்று இன்று யாரும் சொல்ல இயலாது. முன்னெப்போதையும்விட அதிகமாகவே கேட்கப்படுகிறது. ஆனால் கேட்பவர் ஒருவராகவும், கேட்டதற்கு ஏதேனும் செய்யக்கூடியவர் வேறொருவராகவும் இருக்கின்றனர். சொன்னது எங்கே போயிற்று என்று ஒருமுறைகூடத் தெரியவராத இடத்தில், இரண்டாம் முறை மனம்திறந்து சொல்ல யாருக்கும் தோன்றாது.

கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 1994இல் நிறுவப்பட்ட ‘நாக்’ என்னும் தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று மன்றம் 2017இல் தன் மதிப்பீட்டு முறையைத் திருத்தியமைத்தபோது மாணவர் நிறைவு குறித்த ஆய்வு ஒன்றை அதில் இணைத்தது. அதில் 21 கேள்விகள். முதல் 20 கேள்விகளுக்கும் ஐந்து விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாடத்திட்டத்தில் எவ்வளவு வகுப்பில் நடத்தப்பட்டது என்பது முதல் கேள்வி. 85 விழுக்காட்டுக்கு மேல் என்பதிலிருந்து 30 விழுக்காட்டுக்குக் கீழ் என்பதுவரை விடைகள் இறங்குகின்றன. 21ஆவது கேள்வி மட்டும் கற்றலும் கற்பித்தலும் மேம்பட மூன்று கருத்துகளை எழுதச் சொல்கிறது. பல்கலைக்கழகங்களுக்கான மொத்தம் 1000 மதிப்பெண்ணில் இந்த ஆய்வுக்கு 50 ஒதுக்கப்பட்டது. இது தவிர, நிறுவனமே மாணவர், ஆசிரியர், பணியளிப்போர், முன்னாள் மாணவர் ஆகியோரிடம் கருத்துப் பெற்று, அதைத் தொகுத்து, நடவடிக்கை எடுத்து, இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பதற்கும் தனி மதிப்பெண் உண்டு.

இந்த ஏற்பாட்டில் தவறான நோக்கம் ஏதுமில்லை. கேள்விகளும் மோசமானவை அல்ல. ஆனால் விடைகள் பயணிக்கும் திசையைக் கவனிக்க வேண்டும். அவை மேல்நோக்கிச் செல்கின்றன. பல்கலைக்கழகத்தின் தர உறுதிப் பிரிவுக்கும், அங்கிருந்து மதிப்பீட்டுக் குழுவுக்கும் போகின்றன. திரும்பி வருவது ஓர் எண்ணும் ஓர் எழுத்தும். அந்த எழுத்து நுழைவாயிலில் பதாகையாகத் தொங்குகிறது. மூன்றாம் பருவத்து ஒலியனியல் தாளில் இறுதி அலகு ஏன் நடத்தப்படவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே இடம் துறையின் ஆசிரியர் கூட்டம்தான். விடைகள் போய்ச்சேராத இடமும் அதுவே. மதிப்பீட்டு முறையை மாற்றி, தரச்சான்று உண்டு அல்லது இல்லை என்னும் இருநிலை முறையைக் கொண்டுவரப்போவதாக 2024இல் அறிவிப்பு வந்தது. முறை மாறினாலும் விடைகள் போகும் திசை மாறாவிட்டால் மாணவருக்கு அதனால் வேறுபாடு ஏதுமில்லை.

மாணவர்கள் உண்மையில் சொல்ல விரும்புபவை என்ன? உணவுக்கூடத்துப் பேச்சைக் கேட்டவர்க்கு அது தெரியும். பெரும்பாலானவை சிறியவை, எளிதில் சரிசெய்யக்கூடியவை. பருவத்தின் முதல் இரண்டு மாதங்கள் ஒரே அலகில் கழிந்து, மீதி நான்கு அலகுகளும் கடைசி மூன்று வாரங்களில் ஓட்டப்படுகின்றன. அகமதிப்பீட்டுத் தாள்கள் திருத்தித் திருப்பித் தரப்படுவதில்லை. 25க்கு 14 என்ற எண் மட்டும் அறிவிப்புப் பலகையில் தெரிகிறது. எங்கே பிழைத்தது என்பது தெரிவதில்லை. ஒப்படைக்கப்பட்ட கட்டுரையை யாரும் படித்ததற்கான அடையாளம் இல்லை. வகுப்பு நேரம் முழுவதும் மாணவர்களே கருத்தரங்க உரைகளை வாசித்து முடிக்க, அது பங்கேற்புமுறைக் கல்வி என்று பதிவாகிறது. தாய்மொழி வழியில் படித்து வந்தவர் ஆங்கில விரிவுரையின் வேகத்தில் பின்தங்கும்போது, கேள்வி கேட்பதற்கென்று ஒதுக்கப்பட்ட நேரம் எதுவும் இல்லை.

இவற்றுள் எதுவும் இன்றைய அளவுகோலில் அகப்படுவதில்லை. ஆசிரியர் பதவி உயர்வுக்கென 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிமுறையைப் பார்த்தால் காரணம் விளங்கும். கற்பித்தலுக்கான மதிப்பீடு அங்கு ஒரு வகுத்தல் கணக்கு. ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் 80 விழுக்காடும் அதற்கு மேலும் எடுத்திருந்தால் ‘நன்று’. 70 முதல் 80க்குள் ‘நிறைவு’. அதற்குக் கீழ் ‘நிறைவில்லை’. மாணவருக்கு 75 விழுக்காடு வருகை கேட்கப்படுவதுபோல ஆசிரியருக்கும் ஒரு வருகை விழுக்காடு. வகுப்பறைக்குள் இருவரும் வந்திருந்தனர் என்பது இதனால் உறுதியாகும். உள்ளே என்ன நடந்தது என்பதை இந்தக் கணக்கு கேட்பதில்லை. ஆய்வுக்கட்டுரைகளுக்கோ புள்ளி புள்ளியாக மதிப்பு உண்டு. ஒரு விடைத்தாளின் ஓரத்தில் நான்கு வரிக் குறிப்பு எழுதுவதற்கு நேரம் செலவிடும் ஆசிரியர் அந்த நேரத்தை எந்தக் கணக்கிலும் காட்ட முடியாது. அப்படியிருந்தும் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு துறையிலும் இருக்கின்றனர். அவர்களைக் கண்டறியக்கூட இந்த முறைக்கு வழியில்லை.

இவ்வளவும் சொல்வதற்கு இருக்க, 21ஆவது கட்டத்தில் ஏன் எழுதுவதில்லை? முதல் காரணம் எண்ணிக்கை. மொழியியல், மெய்யியல், தொல்லியல் போன்ற துறைகளில் முதுகலை வகுப்பில் 12 பேரோ 15 பேரோதான் இருப்பர். பெயரில்லாப் படிவம் என்று சொல்லப்பட்டாலும், ‘விருப்பப்பாடத்தில் வகுப்புகள் நடக்கவில்லை’ என்று எழுதினால் அந்த விருப்பப்பாடத்தை எடுத்த மூவருள் ஒருவர் என்பது உடனே தெரிந்துவிடும். பதிவு எண்ணைக் கொண்டு உள்நுழைய வேண்டிய படிவம் என்றால் அந்த ஐயமும் தேவையில்லை. அடுத்த பருவத்தில் அதே ஆசிரியர் அகமதிப்பீட்டு மதிப்பெண் வழங்குவார். முனைவர் பட்டச் சேர்க்கை நேர்காணலில் அவரே எதிரே அமர்ந்திருப்பார்.

எழுதத் துணிந்தவர்களின் வாக்கிய அமைப்பும் கவனிக்கத்தக்கது. அதில் எழுவாய் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆசிரியர் வகுப்புக்கு வரவில்லை என்று யாரும் எழுதுவதில்லை. ‘வகுப்பு நடக்கவில்லை’ என்றே எழுதுகின்றனர். தாள் ‘தரப்படவில்லை’, அலகு ‘முடியவில்லை’, ஐயம் ‘தீரவில்லை’. செய்தவர் மறைந்து செயல் மட்டும் நிற்கிறது. இது மரியாதையின் இலக்கணம் மட்டுமன்று; அச்சத்தின் இலக்கணமும்கூட. இத்தகைய விடைகளைத் தொகுக்கும் அலுவலகம் ‘சில பாடங்களில் கூடுதல் வகுப்புகள் தேவை என மாணவர் கருதுகின்றனர்’ என்று இன்னொரு முறை வடிகட்டுகிறது. கோப்பு முழுமை பெறும்போது அதில் யாரும் எதையும் செய்யாமல் விட்டதாகவே தெரிவதில்லை.

முனைவர் பட்ட ஆய்வாளரின் நிலை இன்னும் குறுகியது. முதுகலை மாணவருக்கு ஐந்தாறு ஆசிரியர்கள். ஆய்வாளருக்கு ஒரே நெறியாளர். 2022ஆம் ஆண்டின் மானியக் குழு விதிமுறைப்படி ஒரு பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் நெறிப்படுத்தலாம். ஒவ்வொரு பருவமும் ஆய்வாளர் தம் ஆய்வு முன்னேற்றத்தை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் வைக்க வேண்டும். ஆய்வாளர்க்குக் கிடைத்த நல்ல பாதுகாப்பு இது. ஆனால் அந்தக் குழுவைக் கூட்டுபவர் நெறியாளரேதான். கொடுத்த இயலைப் படிக்க ஆறு மாதமாயிற்று என்பதை, அதைப் படிக்காதவர் கூட்டிய கூட்டத்தில், அவர் முன்னிலையிலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தாமதம் ஆய்வாளரின் சோம்பலாகப் பதிவாகும். ஆறு ஆண்டு உச்சவரம்பு நெருங்கும்போது அந்தப் பதிவு மட்டுமே மிஞ்சும்.

துறையின் ஆதரவு என்பது கற்பித்தலோடு முடிவதில்லை. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை பெறாத ஆய்வாளர்க்கு மாதம் 8,000 ரூபாய். 2015இல் இந்த 8,000 ரூபாயையும் நிறுத்த மானியக் குழு முடிவெடுத்தபோது டெல்லியில் மாணவர்கள் அதன் அலுவலக வாயிலில் பல நாள் போராடினர். அந்தத் தொகை நிலைத்தது, உயரவில்லை. பெறும் தொகை எதுவானாலும் அது மாதந்தோறும் வந்துசேர்வதற்கு ஆய்வாளரின் வருகைச் சான்று நெறியாளர், துறைத்தலைவர், அலுவலகம் என்ற வரிசையில் கையொப்பம் பெற வேண்டும். கையொப்பமிடுபவரைப் பற்றிய கருத்தைக் கையொப்பத்துக்காகக் காத்திருப்பவரிடம் கேட்பதில் என்ன பயன் என்ற கேள்வி இங்கே எழுகிறது.

ஆதரவு எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதும் இல்லை. டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் முறையை ஆராயச் சுகதேவ் தோரட் தலைமையில் அமைந்த குழு 2007இல் அறிக்கை அளித்தது. ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்று அம்மாணவர்களுள் 69 விழுக்காட்டினர் அக்குழுவிடம் கூறினர். நிறுவனத்தின் படிவத்தில் அல்லாமல், வெளியிலிருந்து வந்து அமர்ந்து கேட்ட ஒரு குழுவிடம் அவர்கள் இதைக் கூறினர் என்பது நினைவில் நிற்க வேண்டும். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 2016 ஜனவரியில், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ரோகித் வெமுலா இறந்தபோது அவருக்கு ஏழு மாத உதவித்தொகை நிலுவையில் இருந்தது. அதை அவரே எழுதிவைத்தார். உயர்கல்வி நிறுவனங்களில் நிகழும் மாணவர் தற்கொலைகளை ஆராய உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்ட பின்னரே உள்ளிருப்பவர் வாய் திறக்க முடிகிறது என்றால், உள்ளேயே ஆண்டுதோறும் நிரப்பப்பட்ட படிவங்கள் எதைக் கேட்டுக்கொண்டிருந்தன?

ஆசிரியர் தரப்பிலும் நியாயம் உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களுள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் காலியாக இருப்பதை நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட பதில்கள் பல ஆண்டுகளாகக் காட்டிவருகின்றன. அந்த இடைவெளியைக் கௌரவ விரிவுரையாளர்கள் நிரப்புகின்றனர். 2019ஆம் ஆண்டின் மானியக் குழு வழிகாட்டுதல்படி அவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய். மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மிகக்கூடாது. இது உச்சவரம்பு, பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் கிடைப்பது இதைவிடக் குறைவு. விடுமுறை மாதங்களுக்கு ஊதியமில்லை. அமர்ந்து மாணவரைச் சந்திக்க அறையில்லை. மாணவர் கருத்துப் படிவம் உண்மையில் யாரையேனும் பாதிக்கிறது என்றால் அது இவர்களைத்தான். நிரந்தரப் பணியிலிருப்பவரைத் தொடாத அதே படிவம், அடுத்த பருவ நியமனத்தை எதிர்பார்த்திருப்பவரின் தலைக்கு மேல் தொங்குகிறது. அவர் மதிப்பெண்ணைத் தாராளமாக்குவதும் கடினமான பகுதியைத் தவிர்ப்பதும் வியப்பல்ல.

மதிப்பீட்டில் சாய்வு உண்டு என்ற எதிர்ப்பும் பொருட்படுத்தத்தக்கது. ஒரே தரத்தில் கற்பித்தாலும் பெண் ஆசிரியர்க்குக் குறைவான மதிப்பெண் தரப்படுவதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் சுட்டியுள்ளன. இந்திய வகுப்பறையில் சாதியும், ஆங்கில உச்சரிப்பும், பிராந்தியமும் இதே வேலையைச் செய்யாது என்று நம்புவதற்குக் காரணம் இல்லை. பேராசிரியர் எப்படிக் கற்பிக்கிறார் என்று ஐந்து புள்ளி அளவில் கேட்டால், மாணவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் ‘பேராசிரியர் தோற்றம்’ விடையில் புகுந்துவிடும்.

இதற்குத் தீர்வு கேட்பதை நிறுத்துவதன்று, கேள்வியை மாற்றுவது. எண்ணத்தைக் கேட்பதற்குப் பதிலாக நிகழ்ந்ததைக் கேட்கலாம். ஆசிரியர் சிறப்பாகக் கற்பித்தாரா என்பதைவிட, முதல் அகமதிப்பீட்டுத் தாள் எத்தனை நாளில் கைக்கு வந்தது, அதில் குறிப்பு எழுதப்பட்டிருந்ததா, எந்த அலகு நடத்தப்படவில்லை, கொடுத்த இயலுக்கு எத்தனை வாரத்தில் மறுமொழி வந்தது, உதவித்தொகை எந்த மாதம்வரை வந்துள்ளது என்பவை பயனுள்ள கேள்விகள். இவற்றுக்கு விடையளிக்க ஆசிரியரை விரும்பவோ வெறுக்கவோ தேவையில்லை. விடைகள் சரிபார்க்கத்தக்கவை. ஆசிரியரும் தம் தரப்பைச் சான்றோடு சொல்லலாம். ஆளில்லாத துறையில் ஒருவரே ஐந்து தாள்களைச் சுமப்பதும் அப்போது ஆவணத்தில் ஏறும். மாணவரின் குறையும் ஆசிரியரின் சுமையும் ஒரே தாளில் பதிவாகும்போது, அது பணியிடம் கேட்பதற்கான சான்றாகவும் மாறும். விடை எழுதும் மொழி மாணவரின் விருப்பமாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். மனக்குறையை இரண்டாம் மொழியில் எழுதச் சொன்னால் பாதிக் குறை எழுதப்படாமலே போகும்.

குறைதீர்ப்புக்குத் தனி விதிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். 2023 ஏப்ரலில் வெளியான மாணவர் குறைதீர்ப்பு விதிமுறை பல வகையில் நல்லது. உதவித்தொகைத் தாமதமும், வெளிப்படையற்ற மதிப்பீடும், சேர்க்கையின்போது உறுதியளித்த தரத்தில் கல்வி தரப்படாமையும் அதன்படி குறைகளே. குழு 15 வேலைநாளில் அறிக்கை தர வேண்டும். மேல்முறையீட்டுக்குக் குறைகேள் அலுவலர் உண்டு. ஆனால் 2019ஆம் ஆண்டு விதியில் இருந்த துறைநிலைக் குழு புதிய விதியில் இல்லை. புதிய குழுவில் பேராசிரியர்களும் மூத்த ஆசிரியர்களும் உறுப்பினர். மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளர். விடைத்தாளில் குறிப்பு இல்லை என்பதற்காக யாரும் பல்கலைக்கழக அளவிலான குழுவுக்கு மனு எழுதுவதில்லை. தேர்வரின் விடைத்தாளை அவரே பார்க்கலாம் என்பதற்கு 2011இல் உச்ச நீதிமன்றம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. ஓர் ஆசிரியர் தம் மேசைமீது வைத்து இரண்டு நிமிடத்தில் காட்டியிருக்கக்கூடிய தாளுக்காக நாடு அவ்வளவு தொலைவு செல்ல நேர்ந்தது.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தம் அன்று. ஒவ்வொரு பருவமும் தொடங்கும்போது, சென்ற பருவத்தில் மாணவர் கூறியவற்றுக்குத் துறை எழுத்தில் பதில் தர வேண்டும். ஒரு பக்கம் போதும். கூறப்பட்டவை இவை, இவற்றுள் இவற்றைச் செய்யப்போகிறோம், இந்தத் தேதிக்குள், இவற்றைச் செய்ய இயலாது, காரணம் இது. அந்தப் பக்கம் துறையின் அறிவிப்புப் பலகையில், மதிப்பெண் பட்டியல் ஒட்டப்படும் அதே இடத்தில் இருக்க வேண்டும். சிறிய வகுப்புகளில் இரண்டு மூன்று ஆண்டு மாணவர்களின் கருத்துகளை ஒன்றாகத் தொகுத்தால் யார் சொன்னது என்பது தெரியாது. ஆய்வாளரின் ஆலோசனைக் கூட்டத்தில் நெறியாளர் இல்லாத பத்து நிமிடங்களை வழக்கமாக்கலாம். எல்லோருக்கும் பொதுவான வழக்கம் என்றால் யார்மீதும் ஐயம் விழாது. இவற்றுள் எதற்கும் புதிய நிதியோ புதிய விதியோ தேவையில்லை. ஒரு துறைக் கூட்டத்தின் தீர்மானம் போதும்.

‘இயலாது, காரணம் இது’ என்ற வரிகூட மாணவருக்கு மதிப்புள்ளது. காலிப்பணியிடம் நிரப்பப்படும்வரை அந்த விருப்பப்பாடம் நடத்தப்படாது என்று எழுத்தில் தெரிந்தால் அவர் வேறு பாடத்தைத் தேர்ந்தெடுப்பார். தாம் எழுதியதை யாரோ படித்தனர் என்பதும் அவருக்குத் தெரியும். அதன்பின் வரும் படிவத்தில் 21ஆவது கட்டத்தில் புள்ளிக்குப் பதிலாக ஒரு வாக்கியம் இருக்கக்கூடும். அந்த வாக்கியத்துக்கு ஓர் எழுவாயும் இருக்கக்கூடும்.